காற்றில்லாத நாளில் விழுந்த கொப்பு



பயணக் கட்டுரை என்றால் பார்த்த இடங்களின் அழகைச் சொல்வதுதான் வழக்கம். நானும் ஆறு, காடு, பழைய துறைமுகம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அங்கிருந்து நான் கொண்டுவந்தவற்றில் பெறுமதியானது ஓர் அறிவிப்புப் பலகையின் படம். கைத்தொலைபேசியில் எடுத்த சாதாரணப் படம்தான். அந்தப் படத்தை ஏன் எடுத்தேன், யாருக்காக எடுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2025 மாசி மாதம் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் இருக்கும் என் சின்னம்மாவிடம் மூன்று கிழமை லீவில் போயிருந்தேன். அம்மாவின் கடைசித் தங்கை அவர். 1990களில் போனவர். என் பயணச் செலவும் அவருடையதே. அங்கே மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் கோடை. எங்களுக்கு வாடைக் காற்றும் பனியுமாக இருக்கும் காலத்தில் அவர்களுக்கு வெயில் கொளுத்தும். "குளிருக்கு உடுப்புக் கொண்டு போ" என்று அம்மா கட்டித் தந்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை சித்தப்பா காரை எடுத்தார். "வன்னிப் பிள்ளைக்குக் கடலைக் காட்டி என்ன செய்யிறது? ஆத்தைக் காட்டுவம்" என்றார். சின்னம்மா விடிய எழும்பிப் புட்டவித்து, கோழிக்கறியும் சம்பலும் செய்து கட்டினார். தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், பின் ஆசனத்தில் என்னோடு இருந்தான். வடக்கு நோக்கி 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடினோம். இரண்டு பக்கமும் காய்ந்து மஞ்சளாகிப்போன புல்வெளி. ஆடுகள், மாடுகள், இடையிடையே தனித்த பெரிய மரங்கள். வீடுகளைக் காண்பது அரிது.

மறே ஆற்றங்கரை

மறே ஆறு அவுஸ்திரேலியாவின் மிக நீளமான ஆறு. சுமார் 2500 கிலோமீற்றர் நீளம். எங்கள் மகாவலியைப்போல ஏழு மடங்குக்கும் கூட. விக்ரோரியா மாநிலத்துக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் இந்த ஆறுதான் எல்லை. அதன் கரையில் உள்ள எச்சூக்கா என்ற சிறு பட்டினத்தில் முதலில் இறங்கினோம். ஆறுகள் சந்திக்கும் இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். அது அந்த மண்ணின் பூர்வீக மக்களின் சொல்.

1864 இல் மெல்பேணிலிருந்து புகையிரதப் பாதை எச்சூக்காவுக்கு வந்தது. அடுத்த வருடமே மரத்தால் பெரிய இறங்குதுறை கட்டத் தொடங்கினார்கள். ஆட்டு உரோமத்தை ஆற்று வழியாக நீராவிப் படகுகளில் கொண்டுவந்து, இங்கே இறக்கிப் புகையிரதத்தில் ஏற்றினார்கள். அந்தத் துறையின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. கீழே இறங்கித் தூண்களைத் தொட்டுப் பார்த்தேன். நூற்றைம்பது வருட வெள்ளத்தில் நின்ற மரங்கள். எங்கள் பாலை மரம்போலப் பாரமும் வைரமும் உள்ளவை. வெட்டினால் உள்ளே செந்நிறம். அதனால்தான் ஆங்கிலத்தில் சிவப்புக் கம் மரம் என்கிறார்கள். இது யூக்கலிப்டஸ் இனத்தில் ஒன்று. ஆற்றோரத்தில் வளர்வதால் ஆற்றுச் சிவப்புக் கம் என்றும் சொல்வார்கள். இதே இனத்தை எங்கள் நாட்டின் வரண்ட வலயத்திலும் வனத் திணைக்களம் நட்டிருக்கிறது. உங்களில் சிலர் பெயர் தெரியாமலே இதைக் கடந்து போயிருப்பீர்கள்.

அங்கிருந்து பார்மா காட்டுக்குப் போனோம். 2010 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட காடு இது. ஆற்றின் மறுகரையில் உள்ள காட்டோடு சேர்த்தால், உலகத்திலேயே மிகப் பெரிய சிவப்புக் கம் காடு இதுதான். இந்த இடத்தில் ஆறு ஒடுங்குகிறது. பெருவெள்ளம் வந்தால் ஒடுங்கிய வழியால் போக முடியாமல் காட்டுக்குள் பரவும். அந்த வெள்ளத்தைக் குடித்துத்தான் மரங்கள் சீவிக்கின்றன. சில மரங்களுக்கு 500 வயதுக்கும் மேல். சாம்பலும் வெள்ளையுமான அடிமரம், அதில் தோல் உரிந்து செம்மண் நிறம் தெரியும். கொப்புகள் ஒவ்வொன்றும் எங்கள் ஊர் மரங்களின் அடிமரப் பருமன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை. 39 பாகை வெயில். ஒரு இலைகூட அசையவில்லை. ஆறு எண்ணெய்போல நின்றது. நான் பாயைத் தூக்கிக்கொண்டு நேரே பெரிய மரம் ஒன்றின் கீழ் போனேன். குளிர்ந்த, அகலமான நிழல். பாயை உதறி விரித்ததுதான் தாமதம்.

"பிள்ளை! அங்க வேண்டாம்! எழும்பு, எழும்பு!"

சித்தப்பா இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பாம்பாக்கும் என்று நினைத்துத் துள்ளி எழும்பினேன்.

"என்ன சித்தப்பா? நல்ல நிழல்தானே?"

"நிழல் நல்லதுதான். மேல பார். அந்தக் கொப்பு எப்ப விழுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

மேலே பார்த்தேன். பச்சைப் பசேலென்று இலை நிறைந்த கொப்பு. பட்டதும் இல்லை, உக்கினதும் இல்லை. காற்றும் இல்லை. பிறகுதான் சித்தப்பா காட்டிய பலகையைப் பார்த்தேன். கொப்பு விழும் படம் வரைந்து, மரங்களின் கொப்புகள் எந்த நேரமும் விழக்கூடும், அவற்றின் கீழே கூடாரம் அடிக்கவோ வாகனம் நிறுத்தவோ வேண்டாம் என்று எழுதியிருந்தது.

திறந்த வெளியில் காரை நிறுத்தி, காரிலிருந்து இரண்டு தடிகளுக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டினார் சித்தப்பா. நீல நிறத் தறப்பாள். அதன் கீழே இருந்து புட்டைச் சாப்பிட்டோம். பதினாறு வருடத்துக்கு முன் செட்டிக்குளம் முகாமில் அம்மாவும் நானும் இருந்ததும் தறப்பாளுக்குக் கீழேதான். அந்தப் பிளாஸ்ரிக் சூட்டு மணம் அப்படியே இருந்தது. சின்னம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பச்சைக் கொப்பு ஏன் விழுகிறது?

சாப்பிட்டு முடிந்த பிறகு பூங்காவில் வேலை செய்யும் பெண் ஒருவர் வாகனத்தில் வந்தார். நாங்கள் திறந்த வெளியில் இருப்பதைக் கண்டு பெருவிரலை உயர்த்திக் காட்டினார். தம்பியை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் அவர்கள் வேகமாகப் பேசினால் பிடிபடாது.

அவர் எங்களைக் கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போய் விழுந்து கிடந்த ஒரு கொப்பைக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். முறிந்த இடத்தில் மரம் சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. உக்கலும் இல்லை, கறையானும் இல்லை. "இது முறிந்தது அடிமரத்தோடு சேரும் இடத்தில் அல்ல. தள்ளி, ஒரு பாகம் விட்டு முறிந்திருக்கிறது, பாருங்கள்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கோடை காலத்தில், காற்றில்லாத வெப்பமான பின்னேரங்களில், நல்ல நிலையில் உள்ள பெரிய கொப்புகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழுவதை மர வல்லுநர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கோடைக் கிளை வீழ்ச்சி என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சட் ஹரிஸ் என்பவர் 1970களிலும் 1980களிலும் இதைப் பற்றி எழுதினார். யூக்கலிப்டஸ் மட்டுமல்ல, ஓக், எல்ம், பீச், சீடர் போன்ற மரங்களிலும் இது நடக்கிறது. பெரும்பாலும் முதிர்ந்த மரங்கள். பெரும்பாலும் கிடையாக நீண்டுபோன கொப்புகள்.

கிடையாக நீண்ட கொப்பின் நிலையை விளங்கிக்கொள்வது எங்களுக்குக் கடினமில்லை. ஒரு வாளித் தண்ணீரை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கலாம். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க முடியாது. நீண்ட கொப்பு, நுனியில் இலைப் பாரத்தோடு, வாளியை நீட்டிப் பிடித்தபடி ஐம்பது, நூறு வருடம் நிற்கிறது.

சரி, புயலுக்கு நின்ற கொப்பு, காற்றில்லாத நாளில் ஏன் முறிய வேண்டும்? இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. கடும் வெயிலில், காற்றும் இல்லாதபோது, இலைகள் நீரை வெளிவிடுவது குறைகிறது, வேர் ஏற்றிய தண்ணீர் கொப்பிலேயே தங்கிப் பாரம் கூடுகிறது என்பது ஒன்று. நெடுங்காலம் பாரம் தாங்கிய மரம், உடுப்புக் காயப்போடும் கயிறு மெல்ல மெல்லத் தொய்வதுபோல, உள்ளே இளகிக்கொண்டு வருகிறது, வெப்பம் அதை இன்னும் இளக்குகிறது என்பது இன்னொன்று. வெளியே தெரியாத வெடிப்பு உள்ளே இருந்து ஒரு நாள் பெருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றுதான் சரி என்று இதுவரை நிறுவப்படவில்லை. காற்றில் முறியும் கொப்புகளே எண்ணிக்கையில் மிக அதிகம், அமைதியான நாளில் விழுவது அதிசயமாக இருப்பதால் அதுவே ஞாபகத்தில் நிற்கிறது என்று வாதிடும் வல்லுநர்களும் உண்டு. வரட்சியில் தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் தானாகவே கொப்பை எறிகிறது என்று ஊர் மக்கள் சொல்வார்கள். அதுவும் நிரூபிக்கப்பட்டதல்ல.

லண்டனில் கியூ என்ற உலகப் புகழ்பெற்ற தாவரவியற் பூங்கா இருக்கிறது. மரங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் நாள்தோறும் வேலை செய்யும் இடம். அங்கே 2012 இல் ஒரு சீடர் மரத்தின் கொப்பு விழுந்து, நடந்துகொண்டிருந்த ஒரு பெண் உயிரிழந்தார். மரண விசாரணையில் இந்தக் கோடைக் கிளை வீழ்ச்சி பற்றியும் ஆராயப்பட்டது. முடிவில் அது விபத்து என்று தீர்க்கப்பட்டது. மரம் படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே முன்கூட்டித் தெரியவில்லை என்பதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கொப்பு முறிந்த இடத்தில் காலப்போக்கில் பொந்து உண்டாகும். அந்தப் பொந்துகளில்தான் அந்தக் காட்டின் கிளிகள் முட்டையிடுகின்றன. பச்சை உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு கிளிகள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து போயின. அவற்றுக்கும் இந்தக் காடு வேண்டும் என்றார் அந்தப் பெண்.

அந்தக் காட்டின் சொந்தக்காரர் யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வீக மக்கள். ஆற்றை அவர்கள் துங்காலா என்கிறார்கள். சில மரங்களின் உடம்பில் நீள்வட்டமான பெரிய வடு இருக்கிறது. தோணி செய்வதற்காகப் பட்டையை உரித்த இடம் அது. மரத்தைக் கொல்லாமல் உரித்திருக்கிறார்கள். மறுகரையில் கமரகஞ்சா என்ற குடியேற்றத்தில் அவர்களை வைத்திருந்தார்கள். உணவும் சுகாதாரமும் மோசம், நிர்வாகமும் கொடுமை. 1939 மாசியில் 150 இற்கும் மேற்பட்டவர்கள் அதை எதிர்த்து, பிள்ளை குட்டிகளோடு ஆற்றைக் கடந்து இந்தப் பார்மாக் கரையில் வந்து இருந்தார்கள். கையில் கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்களாம். இதைத் தம்பி சொன்னபோது எனக்கு யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

ஒரு பெயர்

திரும்பிக் காருக்கு நடக்கும்போது தம்பி சாதாரணமாகச் சொன்னான்: "அக்கா, இப்பிடி விழுற கொப்புக்கு இங்க என்ன பேர் தெரியுமே? விடோ மேக்கர்."

"என்னடா?"

"விதவையாக்கி. மரம் வெட்டுற ஆக்கள் வைச்ச பேராம். மேல தொங்கிற கொப்பு, விழுற கொப்பு எல்லாத்துக்கும் அதுதான் பேர்."

சின்னம்மா அவனைக் கண்ணால் அதட்டினார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி நடந்து போய் அந்தப் பலகையைப் படம் எடுத்தேன். ஏனென்றால் அந்த நிமிடம் எனக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளக்கட்டு ஞாபகம் வந்தது. அந்தக் குளக்கட்டில் ஒரு மருத மரம். அந்த மரத்தால் வாழ்க்கை மாறிப்போன ஓர் அக்கா.

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். "பேரைப் போடாதேங்கோ, கதையைப் போடுங்கோ" என்றார்.

அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் 2009 இல் மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள். நால்வரும் உயிரோடு வந்தார்கள். அவருடைய தமக்கையின் குடும்பத்தில் ஒருவரும் வரவில்லை. முகாமில் இருந்து, 2011 இல் மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, தூர்ந்த கிணற்றைத் தோண்டி, ஒன்றரை ஏக்கர் வயலைத் திருத்தி எடுத்தார்கள். 2016 பங்குனி. வாடை நின்று, சோளகம் தொடங்காத காலம். ஒரு மூச்சுக் காற்று இல்லை. கணவர் சிறுபோகத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா மத்தியானச் சாப்பாடு கொண்டு போனார். வரம்பிலேயே இருந்து சாப்பிடப் போனவரை, "ஏன் வெயிலுக்கை இருக்கிறியள்? மருதடி நிழலில இருந்து சாப்பிடுங்கோ" என்று சொன்னவர் அக்காதான். தண்ணீர்ப் போத்தலை எடுக்கச் சைக்கிளடிக்குத் திரும்பினார். பெரிய சத்தம் கேட்டது. செல் விழுந்தது என்று நினைத்துப் பழக்கத்தில் நிலத்தில் குப்புறப் படுத்தாராம். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது மரத்தடி முழுக்கப் பச்சை இலையாக இருந்தது.

"செல்லுக்குத் தப்பினவன் கொப்புக்குத் தப்பேல்லை" என்று செத்த வீட்டிலேயே கதைத்தார்கள். உச்சிப் பொழுதில் மருதில் முனி நிற்கும், முனி அடித்தது என்றார்கள் சிலர். அவளுடைய ராசி என்றார்கள் வேறு சிலர். தமக்கையின் குடும்பத்தையும் இதோடு சேர்த்து எண்ணினார்கள். மாமியார் பேசுவதை நிறுத்தினார். பெறாமகளின் சாமத்திய வீட்டில் அக்கா குசினிக்குள்ளேயே இருந்து பாத்திரம் கழுவிவிட்டு வந்தார். பிறகு எங்கும் போவதில்லை.

நான் அவரைச் சந்தித்தது அடுத்த வருடம், வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து வேலைக்கு வந்த புதுசு. விதவைப் பெண் மீது சமூகம் சுமத்தும் பழியைப் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதினவள் நான். அக்கா என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள்தானே? பச்சைக் கொப்பு. காத்தும் இல்லை, மழையும் இல்லை. அப்ப ஏன் விழுந்தது? நான் அந்த நிழலுக்குப் போகச் சொன்னபடியால்தானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது விதி அக்கா, அப்படி யோசிக்காதேங்கோ" என்றேன். விதி என்ற சொல்லும் முனி என்ற சொல்லும் ராசி என்ற சொல்லும் அவருக்கு ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. காரணம் கேட்டவருக்கு நான் இன்னொரு பழியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எட்டு வருடமாக அவருடைய வீட்டுக்குப் போய் வருகிறேன். கோழி வளர்ப்புக்குக் கடன் எடுத்துக் கொடுத்தோம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி பெற்றுக் கொடுத்தோம். அந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் மரம் வெட்டும் ஆண்கள், ஒரு பெண்ணை விதவையாக்கியது கொப்பு என்று கொப்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கொப்பு விழுந்ததற்கு அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைக்கிறோம். காருக்குள் இருந்து நான் யோசித்துக்கொண்டு வந்தது இதைத்தான்.

படம் காட்டிய நாள்

பங்குனி முதற் கிழமை ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம் போனேன். முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். படத்தைக் காட்டி, எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். காற்றில்லாத நாளில் விழுவது பல நாடுகளில் நடப்பது என்பதையும், நீண்ட கொப்பு, இலைப் பாரம், வெப்பம் பற்றியும், லண்டன் பூங்காவில் நடந்ததையும் சொன்னேன். கெட்டிக்கார வல்லுநர்களுக்கே முன்கூட்டித் தெரியவில்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். இதற்காகத்தான் அதை மனதில் வைத்திருக்கும்படி உங்களுக்கும் சொன்னேன்.

அக்கா கைத்தொலைபேசியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். கொப்பு விழும் படத்தை விரலால் தொட்டார். படம் பெரிதானதும் பயந்து விரலை எடுத்தார்.

"வெள்ளைக்காரருக்கும் விழுமோ?"

"விழும் அக்கா."

"அப்ப அங்கயும் நிழலுக்குப் போகச் சொன்ன பெஞ்சாதி இருப்பாள்."

நான் தலையாட்டினேன். அவர் அழவில்லை. எட்டு வருடமாக என் முன் அழுதவர் அன்று அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட மருதில ஏன் ஒரு பலகை இல்லை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவரே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டார். ஒன்பது வருடத்தில் அவர் கூட்டத்துக்கு வந்தது அன்றுதான். கூட்டம் நடப்பது அதே மருத மரத்தின் கீழே. மரத்தின் மற்றப் பக்கம் என்பதால் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு தாய் அங்கேயே ஏணை கட்டிப் பிள்ளையை வளர்த்தியிருந்தார். அக்கா பேசி முடிய, அந்தத் தாய் எழும்பிப் போய் ஏணையை அவிழ்த்தார்.

மரத்தை அடியோடு தறிக்க வேண்டும் என்றார் ஒருவர். அக்காதான் மறித்தார். "மரம் என்ன செய்யும்? குளக்கட்டுக்கு அது வேணும்" என்றார். மூத்த அம்மா ஒருவர், "உச்சியில பெரிய மரத்தடியில நிக்காதை எண்டு எங்கட ஆக்கள் சொன்னது இதுக்காகவும் இருக்கும். முனியெண்டு சொன்னால்தானே பிள்ளையள் கேக்குங்கள்" என்றார். பழைய சொல்லுக்குள் அனுபவம் இருந்திருக்கலாம். அதைப் பழியாக மாற்றியது பிறகு வந்த நாங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

சகோதரிகளே, இடம்பெயர்ந்த காலத்தில் எங்களைக் காப்பாற்றியவை மரங்கள். அவற்றுக்குப் பயந்து வாழச் சொல்லவில்லை. கொப்பு விழுந்து ஒருவர் இறப்பது மிக அரிது. ஆனாலும் சில பழக்கங்கள் நல்லவை.

காற்றில்லாத கடும் வெயில் நேரத்தில் மிகப் பெரிய, முதிர்ந்த மரத்தின் நீண்ட கிடைக் கொப்புகளுக்கு நேர் கீழே நெடுநேரம் இருக்க வேண்டாம். கொப்பு நுனி நிற்கும் எல்லைக்கு வெளியே இருங்கள். ஏணை, ஊஞ்சல், முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு, கூட்டம் ஆகியவற்றுக்குச் சிறிய மரத்தின் நிழலோ கிடுகுக் கொட்டிலோ போதும். பட்ட கொப்பு, வெடிப்பு, அடியில் காளான், மேலே முறிந்து தொங்கும் கொப்பு இவற்றைக் கண்டால் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். மரத்தை மொட்டையடிக்க வேண்டாம். அப்படித் தறித்த இடத்தில் முளைக்கும் புதுக் கொப்புகளின் பிடிப்புப் பலவீனமானது.

மழையிலும் காற்றிலும் மரமே சாய்வது இன்னொரு ஆபத்து. 2023 ஐப்பசியில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் மழை நேரம் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் பெரிய மரம் விழுந்து 5 பேர் இறந்ததை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். வீதியோர மரங்களைப் பரிசோதிப்பது அதிகாரிகளின் கடமை. அதைக் கேட்பது எங்கள் உரிமை.

இன்னொன்று. உங்கள் ஊரிலும் ஒரு அக்கா இருப்பார். மரம், மின்னல், பாம்பு, கிணறு, வெடிக்காமல் கிடந்த குண்டு என்று ஏதோ ஒன்று அவருடைய மனிசனைக் கொண்டு போயிருக்கும். அவரிடம் விதி என்று சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள். நான் எட்டு வருடம் பிந்திவிட்டேன்.

மருத மரத்திலிருந்து பதினைந்து யார் தள்ளி இப்போது பலகை நிற்கிறது. சங்கத்தின் பழைய மேசைப் பலகை. வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரால் அக்காவின் மூத்த மகள் எழுதினாள்: "பெரிய கொப்புக்குக் கீழே இருக்க வேண்டாம். காற்று இல்லாத நேரத்திலும் விழும்." அக்காவின் மாமியார் இன்னும் பேசுவதில்லை. சித்திரையில் நடந்த ஒரு கலியாணத்துக்கும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆனால் போன மாதம் நான் போனபோது, வெயிலுக்குள் வேலை செய்துவிட்டு வந்த இரண்டு பெடியன்கள் மருதடியில் சைக்கிளைச் சாத்தினார்கள். வயலுக்குள் நின்ற அக்கா வரம்பால் ஓடி வந்து, "தம்பியவை, அங்க வேண்டாம்! இஞ்சால வாங்கோ!" என்று கத்தினார். அவர்கள் மேலே பார்த்தார்கள். பிறகு பலகையைப் பார்த்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அக்கா தண்ணீர்ப் போத்தலை அவர்களிடம் நீட்டினார்.